பாத்தியில் நின்ற தண்ணீர்

புதுச்சேரி கம்பெனியில் என்னை வேலையைவிட்டு நிறுத்தியது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே ஒருவரிடம் ‘லீவு’ என்றேன். இன்னொருவரிடம் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்றேன். ‘வேலை போச்சு’ என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஐப்பசி மழையில் மரக்காணம் உப்பளம் ஏரியாகிக் கிடந்தது. அங்கே உப்பு வாரப் போகும் என் மனைவிக்கும் வேலையில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் வரப்பில் நடந்தோம். இரண்டு பக்கமும் பாத்திகளில் மேகங்கள் நகர்ந்தன. வானத்தின் நடுவே நடப்பதுபோல இருந்தது.

அவளோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் எதிரே வந்தார். “ஏம்மா, உன் ஊட்டுக்காரரு இப்பல்லாம் வேலைக்குப் போறதில்லியா?”

‘லீவு’ என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“அவருக்கும் நம்மள மாதிரிதான்க்கா, பாத்தியில தண்ணி நிக்குது” என்றாள் என் மனைவி, சாதாரணமாக.

மழையால் வேலை நின்றுபோனால் அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. “வடிஞ்சிடும்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பாத்தியில் இறங்கி, மேகங்களை மிதித்துக்கொண்டு போனார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ‘நம்மள மாதிரி’ என்று அவள் என்னைச் சேர்த்துக்கொண்டது அன்றுதான். வேலை போயிருக்காவிட்டால் அது எனக்குக் கிடைத்தே இருக்காது.