அப்பா எடுக்காத தீச்சட்டி

என் அப்பா பொன்னுராஜ் திராட்சையை விழுங்கி நான் பார்த்ததில்லை. கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் வியாபாரிகளுக்காகப் பழம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. குலையின் அடிநுனிதான் கடைசியாக இனிக்கும் என்று அங்கேதான் ஒரு பழத்தைக் கிள்ளுவார். மெல்லுவார், துப்புவார், "அஞ்சு நாள் கழிச்சு வெட்டுங்க" என்பார். வீட்டில் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். சேர்ந்த அன்று அவர் குடியை விட்டார். "யுவராணிக்கு வேலை கிடைச்சா வீரபாண்டியில தீச்சட்டி எடுக்கேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்" என்று கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். போன வருஷம் ஆவணியில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சித்திரைத் திருவிழாவுக்கென்று மஞ்சள் வேட்டி வாங்கிவைத்தார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். பையில் இரண்டு டின் திராட்சை ஃப்ரூட் பீர் இருந்தது. வேலை போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். டின்னை எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைத் திறந்து டம்ளர்களில் ஊற்றினேன்.

"பீரா? ஏ தாயி, அப்பனைக் கெடுக்கத்தான் படிச்சுட்டு வந்தியா?"

"போதை இல்லப்பா. சோடா மாதிரி லேசா இருக்கும்."

"மொத டம்ளருக்கு எல்லாரும் இதைத்தான் சொல்லுவாக" என்றாள் அம்மா ராமுத்தாய்.

அப்பா ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் உருட்டினார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"பன்னீர் திராட்சை வாசம் அடிக்குது. ஆனா பழம் இல்ல, எசன்ஸு. காயில வெட்டிச் சீனி போட்ட மாதிரி இருக்கு. சில்லுனு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப முழுங்க வேண்டியதுதான?"

"பேருல பீர் இருக்குல்ல. சட்டி எடுத்துட்டு வந்து அந்த இன்னொரு டின்னை முழுசா முழுங்குறேன். எடுத்து வையி."

நானும் குடித்தேன். நாக்கில் குமிழி வெடித்தது தெரிந்தது. இனிப்பா, புளிப்பா என்று பிடிபடவில்லை.

"சட்டி எடுக்காதீகப்பா. வேலை போயிருச்சு."

"எப்ப?"

"ரெண்டு வாரமாச்சு. எங்க டீமையே நிப்பாட்டிட்டாக."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாதான் பேசினாள்.

"ஏழு மாசம் பாத்தாள்ல? சம்பளம் வாங்குனாள்ல? எடுத்துருங்க. நேந்ததை நிறுத்துனா குத்தமாயிரும்."

"மேல பழுத்துருச்சுன்னு குலையை வெட்டச் சொல்லுவேனா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். திட்டவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இந்த இடத்தில் அழ வேண்டுமோ என்று யோசித்தது மட்டும் நினைவிருக்கிறது.

திருவிழாவுக்கு மூவரும் போனோம். அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். சட்டி எடுத்துவந்தவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக நின்று கும்பிட்டார்.

இப்போது ஐப்பசி. சின்னமனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். இது வேலையில் சேருமா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குடியை இன்னும் தொடவில்லை. அம்மனுக்கு அவர் நேர்ந்த சட்டி பாக்கி நிற்கிறது.