சுவர் தாண்டிப் பூத்த ரோஜா

அருப்புக்கோட்டையில எங்க தெரு போர் தண்ணி உப்பு. அதை ஊத்தி நான் வச்ச ஒட்டு ரோஜா கருகிப் போச்சு. பக்கத்து வீட்டு லட்சுமி குடிதண்ணிய ஊத்தி வளத்த ரோஜாவோ, உள்ளங்கை அகலத்துக்குப் பூத்து, சுவர் தாண்டி என் பக்கம் சாஞ்சு நின்னுச்சு. பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பொறுக்க முடியாம அவ வீட்டுக்கே போயிட்டேன்.

"ஒன் செடி முள்ளு என் சேலையக் கிழிக்குது. கெளைய வெட்டு."

சேலை கிழியவே இல்லை.

"வாங்கக்கா"ன்னு செடிகிட்ட கூட்டிப் போனா. அவ பக்கம் ஒரு பூ இல்லை, முள்ளும் இலையும்தான்.

"வெயிலு ஒங்க பக்கம். பூவெல்லாம் அங்கிட்டே போயிருச்சு. வெட்டிரவா? தெனமும் நின்னு பாக்குறீகளேன்னுதான் விட்டு வச்சிருக்கேன்."

வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னைக்கும் அந்தச் செடியப் பாத்தா வயிறு எரியத்தான் செய்யுது, அவ மனசு எனக்கு இல்லையேன்னு.