தரையிலிருந்து எழுந்த நாள்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு ஹாலில், தரை துடைத்த ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். இனி மாலையில்தான் வருவார்கள். காற்றுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, கிரில் கேட்டை மட்டும் உள்பக்கம் பூட்டி, சாவியை உள்ளே சுவர் ஆணியில் மாட்டியிருந்தேன். செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத்தான் தெரியவில்லை. மூட்டு வலி வந்ததிலிருந்து ஐந்து வருடமாக நான் தரையில் உட்கார்ந்ததே கிடையாது. சாப்பிடுவது, கீரை ஆய்வது, சாமி கும்பிடுவது எல்லாம் நாற்காலியில்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலி கேட்கிற ஆள் நான். அதில் கொஞ்சம் பெருமை வேறு. அந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தே எழப் பார்த்தேன். அது என் மேலேயே கவிழ்ந்தது.

அரை மணி நேரம் கிடந்தேன். அழுகையாக வந்தது. மருமகளுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அம்மாவைத் தனியாக விட முடியாது என்று மகன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவானே என்று பயந்தேன்.

அப்போது குப்பை வண்டிக்கார அம்மாவின் விசில் கேட்டது. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று தகராறு செய்ததைத் தவிர, நான் அவரிடம் பேசியதே இல்லை. கேட் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கீய படுத்துக்கினு கீற?"

சொன்னேன். பூட்டை உடைக்க ஆள் கூட்டி வருகிறேன் என்றார். வேண்டாம், தெருவுக்கே தெரிந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"அப்ப நீயே எய்ந்துக்க. நான் செஞ்சி காட்றேன், பாத்துக்கினே செய்யி" என்றவர், வாசல் சிமெண்டில் படுத்தே விட்டார்!

அவர் ஒருக்களித்துத் திரும்பினார், நானும் திரும்பினேன். முழங்கையை ஊன்றி, தவழும் குழந்தை மாதிரி மண்டியிட்டார். எனக்கு மூட்டு தரையில் பட்டதும் உயிரே போய்விட்டது.

"எனுக்குந்தான் மூட்டு நோவுது. நாளைக்கி நூறு தபா குந்தி எய்ந்துக்கறேன். அந்தக் கால்மிதிய இய்த்து மூட்டுக்குக் கீய போட்டுக்க."

போட்டுக்கொண்டு, ஹாலில் இருந்த கட்டில் வரை தவழ்ந்தேன்.

"ரெண்டு கையயும் கட்டில் மேல வெய்யி. எந்தக் காலு தெம்பா கீதோ அத்த முன்னால ஊனு. இப்ப எய்ந்திரு!"

எழுந்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது. அவரோ சேலைக்கு மேல் போட்டிருந்த யூனிஃபார்ம் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "இன்னா பாத்துக்கினு கீற? கேட்டத் தொறந்து ஒரு டீ குடு" என்றார்.

மாலையில் மகனிடம் நானே சொன்னேன். முகம் வெளுத்துப் போனான். அவன் கண் முன்னாலேயே தரையில் படுத்து, எழுந்து காட்டினேன். மருமகள் மறுநாளும் வேலைக்குப் போனாள், இன்றும் போகிறாள்.

இப்போது தினமும் ஐந்து முறை தரையில் உட்கார்ந்து எழுகிறேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் நெஞ்சில் இருந்த திக்திக் போய்விட்டது. விழுந்துவிடக் கூடாதே என்று ஐந்து வருடம் பயந்தே வாழ்ந்திருக்கிறேன். விழுந்தாலும் எழுந்துகொள்வேன் என்று தெரிந்த பிறகுதான், பகல் முழுக்க ஆளில்லாத இந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடிகிறது.