சேற்றுக் குளத்து ஹீமோகுளோபின்

பாக்டீரியாவுக்கு ரத்தம் கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் என் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு நம்பிக்கை வராது. அன்று, ஹீமோகுளோபின் செய்கிற ஒரு பாக்டீரியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்போ அதுக்கு எதுக்கு மேடம் ஹீமோகுளோபினு?" என்று மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி கேட்டாள். அந்த வருடம் என் வகுப்பில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அது. மற்றவர்கள் கேட்டதெல்லாம், பரீட்சைக்கு வருமா, வராதா என்பதுதான்.

விருத்தாசலத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரி. கரண்ட் போயிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வியர்த்துக்கொண்டே பலகையில் படம் போட்டேன். சுருள் சுருளாக மடிந்த ஒரு புரதம். மடிப்புகளுக்கு நடுவே ஒரு பை, பைக்குள் ஹீம், அதன் மையத்தில் ஒற்றை இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான். நம் ரத்தத்தில் இப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்திருக்கும். நான் சொன்ன பாக்டீரியாவில் இரண்டே இரண்டு. அது தேங்கிய குளத்துச் சேற்றிலும் மாட்டுச் சாணத்திலும் கிடக்கும். காற்றில்லாமல் வாழத் தெரியாது, ஆனால் பிறந்த இடத்தில் காற்றே சரியாகக் கிடையாது. காற்று குறையக் குறைய இந்தப் புரதத்தை அதிகமாகச் செய்துகொள்ளும். கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்து, செல்லுக்குள் மூச்சு விடுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும்.

அந்தப் பாக்டீரியாவை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. நானும் அப்போது மூச்சு முட்டித்தான் கிடந்தேன்.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே புரதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். அவையோ தாளாளரின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும்போதே வாங்கிப் பூட்டிவிடுவது அந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் சகஜம். ஆள் ஓடிவிடக் கூடாதாம். மாட்டுக்குக் கூடக் கயிறு கொஞ்சம் நீளமாகத்தான் விடுவார்கள்.

தாளாளர் செராமிக் தொழிலில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். எதற்கெடுத்தாலும் சூளைக் கணக்குதான். அவருடைய யூனிட்டில்தான் என் அப்பா சூளை மேஸ்திரி. பீங்கான் பியூஸ் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மண்பூசி அடைத்து, வேக வைத்து, ஆறவிட்டுப் பிரிப்பது அவர் பொறுப்பு. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "நல்லா படிம்மா" என்றார்.

ஒவ்வொரு முறை போய்க் கேட்கும்போதும் தாளாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடைச்ச சூளைய ஆறாம பிரிச்சா சரக்கு பூரா விரிசல் வுட்டுடும்மா. வருஷம் முடியட்டும், நானே கூப்ட்டுத் தரேன்." நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன உங்க பியூஸ் கட்டையா சார்? நான் படிச்சி வாங்குன சர்டிபிகேட்டு. எங்கிட்ட குடுங்க" என்றேன். குரல் வெளியே வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"என்னைய ஏம்மா கோவிச்சிக்கிற? நான் அன்னைக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தேன். உங்கப்பாதான் வந்து, நான் சொல்ற வரைக்கும் குடுத்துடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், இப்பவே எடுத்துக்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அம்மா இறந்ததிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டால் அப்பாவே தோசை ஊற்றுவார். அன்றும் அடுப்பருகில்தான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

தோசையைத் திருப்பிப் போட்டார். பிறகு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் போயிட்டா, இந்த வூட்ல நான் யாருகிட்ட பேசுறது?"

தாளாளருக்கென்று நான் வாரக்கணக்கில் பதில் தயாரித்து வைத்திருந்தேன். கத்த வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்த நிமிஷம் அவரை மனதார வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நான் போகவில்லை. ஏன் ஆராய்ச்சிக்குப் போகவில்லை என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், காலேஜில் சர்டிபிகேட் தரவில்லை என்கிறேன். பழியைத் தாளாளர் தலையில் போட்டுவிடலாம். அவரோடு உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டியதில்லை.