ஐ.டி. கார்டில் மாட்டிய குல்லா

இன்று காலை கம்பெனி பஸ்ஸில், என் அக்கா குழந்தைக்குக் குல்லா பின்னிக்கொண்டு வந்தேன். உல்லன் நூலை நான் ஆள்காட்டி விரலில் சுற்றித்தான் பிடிப்பேன். படப்பை தாண்டியதும் பஸ் குலுங்கிய குலுங்கலில் நூல் தளர்ந்து, கண்ணியெல்லாம் கோணல்.

பக்கத்து சீட்டில் செல்வி. தென்காசிப் பெண், என்னோடு ஒரே லைனில் வேலை.

"விரலப் போட்டு எதுக்குக்கா வதைக்கிய? இதுல மாட்டுனா அதுவே பிடிச்சுக்கிடும்லா!"

குல்லாவை வாங்கியவள், கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டின் கொக்கி வழியாக நூலை ஓடவிட்டு, கட்டைவிரலால் அதை ஊசிமேல் தட்டித் தட்டிப் பின்னினாள். ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கேட் வந்துவிட்டது.

நூலைக் கழற்ற நேரமில்லை. அவள் கேட் மெஷினில் கார்டைத் தேய்க்க, குல்லாவும் கூடவே போனது.

செக்யூரிட்டி அண்ணன் கேட்டார், "இன்னாம்மா, குல்லாவுக்கும் அட்டெண்டன்ஸா?"

குல்லாவுக்கு ஓவர்டைமும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.