கூத்தன்வலசையில் விழாத விமானம்

நில அளவை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டார்கள். கருணாகரனிடமும் கேட்டிருப்பார்கள். அவன் பேசுவான், எழுத மாட்டான். இந்த ஒரு காரியத்திலாவது நான் முந்திக்கொள்கிறேன்.

1. ஒரு நாற்காலி

ராமநாதபுரத்தில் என் கடைசி வருட சர்வீஸ். ஒரு திங்கட்கிழமை காலை தாசில்தார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் கிடந்தது. கருணாகரன் உட்கார்ந்தான். நான் நின்றேன்.

அவனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே பயிற்சி. துறைத் தேர்வில் அவனைவிட ஒன்பது மதிப்பெண் எனக்கு அதிகம். ஆனாலும் என் மேலதிகாரியாக ஓய்வு பெற்றவன் அவன்தான். அவன் அளந்த புலங்களில் ஏழு முறை நான் பிழை கண்டிருக்கிறேன். என் அளவில் அவன் ஒன்றும் கண்டதில்லை. பார்த்ததும் இல்லை என்பது வேறு விஷயம். ஒரு கிராமத்துக்குள் நாங்கள் சேர்ந்து போனால் அவனுக்கு இளநீர் வரும், எனக்கு மனு வரும்.

தாசில்தார் சொன்ன சேதி இது. உச்சிப்புளிப் பக்கத்து விமானதளம் இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது. கடலில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்கும் ரோந்து விமானங்கள் அங்கிருந்து போய் வந்தன. சில திரும்பி வரவில்லை. புதுமடத்துக்கு நேரே கடலில் ஒன்று விழுந்ததாகவும், இன்றும் அந்த இடத்தில் வலை மாட்டுவதாகவும் மீன்பிடிக்கிறவர்கள் சொல்வார்கள். இன்னொன்று ஓடுதளத்தை விட்டு விலகிச் சேற்றில் புதைந்ததாம். மூன்றாவது ஒன்று கிளம்பிய சில நிமிடங்களிலேயே பனங்காட்டில் விழுந்து எரிந்தது. அதில் இறந்த ஒருவருடைய தங்கை வெளிநாட்டிலிருந்து வருகிறார். அண்ணன் விழுந்த இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பனங்காடு, பக்கத்தில் ஒரு கண்மாய். அவருக்குத் தெரிந்த அடையாளம் அவ்வளவுதான். எங்கள் தாலுகாவில் பனங்காடும் கண்மாயும் இல்லாத ஊர் எது?

தாசில்தார் என்னைப் பார்க்காமல் கருணாகரனைப் பார்த்தே பேசினார்.

“எடத்த ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க. ஏதோ ஒரு பனைமரத்தடியில கொண்டுபோய் நிறுத்திறாதீக. அந்த அம்மாவுக்கு எம்பது தாண்டிருச்சு. இன்னொரு தடவ வர மாட்டாக.”

2. டீக்கடையும் அலுமினியமும்

ஓடுதளத்தின் நேர்கோட்டை வரைபடத்தில் நீட்டிப் பார்த்தேன். பனங்காடும் கண்மாயும் சேர்ந்து அந்தக் கோட்டில் வருகிற ஊர்கள் இரண்டுதான். முதலில் பனையடியேந்தல். அதற்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில் கூத்தன்வலசை. இதில் எது?

கருணாகரன் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தான். இரண்டு டீ குடித்தான். பனையடியேந்தல் என்று முடிவு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். ஆதாரம் என்னவென்று கேட்டேன். கடையில் இருந்த நாலு பேர் அப்படித்தான் சொன்னார்களாம். இதற்குப் பெயர் விசாரணை.

நான் வீடு வீடாகப் போனேன். விமானம் எரிந்தாலும் அதன் தகடு முழுதும் எரிந்துவிடாது. சண்டைக் காலத்தில் பித்தளைக்கும் செம்புக்கும் ஊரில் பஞ்சம். அப்போது இப்படித் தகடு கிடைத்தால் யார் விடுவார்கள்? கொல்லரிடம் கொடுத்துச் சாமான் செய்திருப்பார்கள். அந்தச் சாமான்களை அடையாளம் காண்பது சுலபம். ஓரத்தில் ரிவெட் ஆணி அடித்த துளைகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும்.

கூத்தன்வலசையில் பதினொன்று கண்டேன். பானை மூடி நான்கு, வாளி இரண்டு, சோறு வடிக்கிற தட்டு மூன்று, ஒரு கோழிக்கூண்டுக் கதவு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி ஒன்று. என்ன சாமான் இது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், ஏரோப்பிளான் தகடு. பனையடியேந்தலில் எத்தனை? ஒரே ஒரு மூடி. அதுவும் நெளிந்தது.

பதினொன்றுக்கு ஒன்று. அறிக்கையில் அட்டவணை போட்டு, வரைபடம் இணைத்துக் கொடுத்தேன். தாசில்தார் படித்துவிட்டு, என்னைக் காட்டிக் கருணாகரனிடம், டீக்கடைக் கதையெல்லாம் எடுபடாது, சாத்தையா சார் எண்ணிக் காட்டியிருக்கார் பாருங்க என்றார். கூத்தன்வலசையிலேயே பந்தல் போட உத்தரவானது. அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். முப்பது வருடத்தில் அவனை நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

3. ராக்காயி தர மறுத்தது

அந்த அம்மா வருவதற்கு முதல் நாள் காலையில், பதினோரு சாமான்களையும் பந்தலில் மேசை போட்டு வரிசையாக வைக்கலாம் என்று கூத்தன்வலசைக்குப் போனேன். முதல் வீடு ராக்காயி என்ற பெண்ணுடையது. அவளிடம் இருந்தது சோறு வடிக்கிற தட்டு. ஒரு நாள் கொடு, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றேன். தர மாட்டேன் என்றாள்.

“இது எங்க மாமியா கொண்டாந்த சீரு சார். சீர்ச் சாமான வீட்டு வாசல் தாண்டிக் குடுக்க மாட்டோம். பெறந்த வீட்டு ஆளுக வந்து கேட்டாத்தான் குடுக்கிறது.”

“உன் மாமியாருக்குப் பிறந்த ஊர் எது?”

“பனையடியேந்தல்தான். இந்த ஊருக்குப் பொண்ணு அங்கன இருந்துதான வரும்.”

வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறகு மற்றப் பத்து வீடுகளுக்கும் போனேன். பொருள் என்ன என்று முன்பு கேட்டவன், இப்போது யாருடைய கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டேன். ஒன்பது சாமான்கள் பனையடியேந்தலிலிருந்து சீராக வந்தவை. மிச்சம் இரண்டும் அந்த ஒன்பதில் ஒன்றிலிருந்து வெட்டிய துண்டில் செய்தவை. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் பெண் கொடுக்கும், இந்த ஊர் எடுக்கும். அலுமினியம் அப்போது புதுசு. ஏரோப்பிளான் தகட்டில் சீர் என்றால் பெண்ணுக்கு அது ஒரு மதிப்பு. விமானம் விழுந்த ஊரில் ஒரு மூடி மட்டும் மிஞ்சியதற்குக் காரணம், அந்த ஊர் தன் பெண்களோடு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது.

மத்தியானம் பனையடியேந்தல் பனங்காட்டுக்கு நடந்தேன். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் மனது வேண்டிக்கொண்டது. இருந்தது. மூத்த பனைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் குட்டைப் பனைகள். அகலம் ஒரு செயின், அதாவது அறுபத்தாறு அடிகூட இல்லை. நீளம் கண்மாய்க் கரை வரைக்கும். அந்தப் பட்டையின் நடுக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நேரே ஓடுதளத்துக்குப் போகிறது. அங்கே நின்ற மரங்களை ஒரு தடவை ஏதோ அடியோடு சாய்த்திருக்கிறது. பிறகு முளைத்தவை இவை. இதற்கு மேல் நிரூபணம் வேண்டாம்.

கருணாகரன் இந்தப் பனங்காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு டீ குடித்தான். சரியாகச் சொல்லிவிட்டான்.

4. கருணாகரன் வீட்டில்

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டில் போட்டுப் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சீர், பத்து வீடு, குட்டைப் பனை. கிழங்கு நாரை இழுத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் சிரிப்பான், குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

“சரி விடுலே,” என்றான். “பந்தல் போட்டாச்சு. நாளைக்கு எல்லாரும் அங்கனதான் வாராக. அந்தம்மாவுக்கு எந்தப் பனங்காடுன்னு தெரியவா போகுது? நீ ஜெயிச்சதாவே இருக்கட்டும். நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

கோபம் வந்தது. ஒரு மனிதன் தன் வெற்றியை இப்படி உரித்த தோலைப் போலத் தள்ளிப்போட்டால், முப்பது வருடம் அதற்காக வயிறெரிந்தவன் என்ன செய்வது? எனக்கு அவன்மேல் இருந்த எரிச்சலில் கால்வாசிகூட அவனுக்கு என்மேல் இருந்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

“அந்த அம்மா எண்பது வயசில கடல் தாண்டி வருது. பொய்யான இடத்தில நின்னு அழணுமா?” என்றேன்.

“அப்ப நீயே போய்ச் சொல்லு.”

“நான்தான் சொல்வேன். அறிக்கை என்னுது.”

தாசில்தார் வீட்டுக்குப் போனேன். சட்டை மாட்டாமல் வெளியே வந்தவர், அட்டவணை போட்டது யார், வரைபடம் இணைத்தது யார், பந்தல் செலவுக்கு யார் பதில் சொல்வது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் என்றேன். கடைசியில் பந்தலைப் பிரித்துப் பனையடியேந்தலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்புறம், “ஆக, கருணாகரன் மொதல்லயே சரியாத்தான் சொன்னாரு” என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

5. வருகை

அந்த அம்மா மெலிந்தவர், கைத்தடி. வண்டியிலிருந்து இறங்கிக் குட்டைப் பனைகளுக்கு நடுவே மெதுவாகப் போய் நின்றார். கண்மாயில் தண்ணீர் குறைவு, நாரைகள் நின்றன. அவர் குனிய முயன்றார், முடியவில்லை. தடியின் நுனியால் மண்ணை லேசாகக் கீறி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாசில்தார் கருணாகரனை அழைத்து, இடத்தைச் சொன்னவர் இவர்தான் என்று அறிமுகம் செய்தார். அந்த அம்மா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லி என் பக்கம் கை காட்டினான். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். எழுதுவேன். பேச்சென்று வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அவர் எனக்கு ஒரு தலையசைப்புத் தந்தார். போட்டோக்காரன் அதற்கு முன்பே எடுத்து முடித்திருந்தான்.

அப்போது அந்த அம்மா, விமானத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். கருணாகரன் தாசில்தாரைப் பார்த்தான். தாசில்தார் என்னைப் பார்த்தார். பதினோரு வீட்டில் இருக்கிறது என்றேன்.

வண்டியில் கூத்தன்வலசைக்குப் போனோம். ராக்காயி வீட்டு அடுப்படியில் தட்டு ஈரமாகச் சாய்த்து வைத்திருந்தது. வந்திருப்பது யாரென்று சொன்னேன். அவள் தட்டைத் துணியால் துடைத்து எடுத்துவந்து அந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

“வேணும்னா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார். இதுக்கு இவுகதான பெறந்த வீடு. இவுக கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது.”

கருணாகரன் அதை இங்கிலீஷில் சொன்னான். எப்படிச் சொன்னானோ, அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அதுவரை அழாதவர் அப்போது அழுதார். துளைகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். தட்டைத் திருப்பி ராக்காயி கையிலேயே கொடுத்துவிட்டார். தினமும் இதில்தான் சோறு வடிக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அது போதும், மற்ற வீடுகளையும் பார்க்கலாமா என்றார்.

பிள்ளைகளே, இதில் வேலைக்கு ஆகிற பாடம் ஒன்றுதான். எண்ணுவதற்கு முன்னால், எண்ணப்போகிற பொருள் நகருமா என்று கேளுங்கள். எல்லைக் கல் நகராது என்று நினைப்பீர்கள், அதையும் ராத்திரியில் பிடுங்கி நடுகிற ஆட்கள் உண்டு. பொருள் என்ன என்று கேட்டால் பாதி பதில்தான் வரும். அது இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்றும் கேளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து முடிவு தப்பானால், தப்பு என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். மற்றவன் சொல்லுவதைவிட அது வலி குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன்.

பேப்பரில் கருணாகரன் படம் வந்தது. வரட்டும். எந்த வீட்டில் எது இருக்கிறது என்று அன்று அவனுக்குத் தெரியாது. கூத்தன்வலசைத் தெருவில் நான் முன்னால் போனேன், அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தபடி அவன் பின்னால் வந்தான். ஐந்தாவது வீடு தாண்டியதும், மெதுவாப் போலே, மூச்சு வாங்குது என்றான். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கும் வாங்கியது. அவருக்காக நடையைக் குறைத்தேன்.