சுலைமானின் முதுகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சிக்கோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து சைக்கிளில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் ஆமை ஓட்டைக் கவிழ்த்தது போல ஒரு தொப்பி. டீ குடித்துவிட்டுக் கிழக்கே திரும்பிப் போகும்போது கவனித்தேன். முன்னால் போகிறவர் கொஞ்ச தூரத்தில் விலகிப் பின்னால் வருகிறார். அடுத்தவர் முன்னால் போகிறார். முறைவைத்து எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மார்கழி, தையில் வாளையாற்றுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து இறங்கினால் ராத்திரி பகல் கிடையாது. ஐம்பதுகளில் நாங்கள் நாலு பேர் அந்தச் சாலையில் சைக்கிளில் பாரம் அடித்தோம். காலையில் மிளகாயும் வெங்காயமும் பாலக்காட்டுக்கு. சாயங்காலம் தேங்காய் மூட்டை கிழக்கே. போகும்போது தள்ளிவிட்ட காற்று, வரும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். அதனால் ஒரு வழக்கம். எப்போதும் சுலைமான் முன்னால். வாளையாற்றுக்குக் கிழக்கே சாவடி என்ற ஊரில் ராவுத்தர் வீட்டுப் பையன், சுவர் மாதிரி முதுகு. பெரிய மூட்டையும் அவனுடையதுதான். அவனுக்குப் பின்னால் பழனி, பிறகு நான், கடைசியில் ராஜு. அந்த முதுகின் மறைவில் நான் பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு வருவேன். என் பாட்டைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அவன் பொறுமை.

அப்போதுதான் அந்தப் பந்தயம் வந்தது. பாலக்காட்டில் தொடங்கி வாளையாற்றில் வைத்த தார் டிரம்மைச் சுற்றித் திரும்பி, திருச்சூர் வரை. அணிக்கு நாலு பேர். மூன்றாவது ஆள் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். ஜெயிக்கிற அணிக்குப் போலீஸில் வேலை என்று பேச்சு. எங்கள் மூவருக்கும் அது ஆசை. சுலைமானுக்கு ஆசையில்லை, வெறி. "இந்தத் தேங்கா மூட்டைய எறக்கி வெக்கிறதுக்கு எனக்கு வேற வழியில்லைடா" என்பான்.

டீக்கடை வாசலில் அந்தக் கூட்டத்தில் ஒருவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசனைதான் என்னை அந்த நாளுக்கு இழுத்துக்கொண்டு போனது. பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசல் முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. நாலு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டோம். பாரம் சுமந்தே பழகிய வண்டிகள் உரித்த கோழியாக நின்றன. சுலைமான் சங்கிலிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய துணியால் கண்ணி கண்ணியாகத் துடைத்தான். எங்களுடையதை முடித்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுத்தான்.

அவன் அதை எடுத்த நேரத்தில் டவுனிலிருந்து போட்டிக் காரியதரிசி வந்தார். கூடவே புது சைக்கிளோடு அவர் அக்காள் மகன்.

"சுலைமான் வீடு சாவடியில் அல்லே?"

"ஆமாங்க."

"சாவடி இப்போ நம்ம ஸ்டேட் அல்ல. ரூல் அதாணு. இவன் ஓட்டும்."

மாநிலம் பிரித்து, வாளையாறு எல்லையாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை பாலக்காடும் சாவடியும் ஒரே சென்னை ராஜ்யம். சுலைமானுக்குப் புரியவே இல்லை.

"தெனமும் இந்த ரோட்லதானுங்க போறேன். எம் பொழப்பே இங்கதானுங்க."

"பிழைப்பு அல்ல, வீடு."

பெயர் கொடுத்த நாளில் தெரியாத வீடு, அக்காள் மகனுக்குச் சைக்கிள் வாங்கியதும் தெரிந்துவிட்டது. பையன்மேல் குறையில்லை, அவனும் காற்று அறியாதவன், அவ்வளவுதான். நாங்கள் சத்தம் போட்டோம். "அப்போ அணியே வேண்டா" என்றார். சுலைமான்தான் எங்களை அடக்கினான்.

அவர்கள் போனதும் எங்களைச் சாலைக்கு இழுத்துப்போனான். "எம் முதுகையே பாத்துப் பழகிட்டீங்க. நாளைக்கு மாறி மாறி முன்னால போங்கடா." கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழனி முன்னால் போய் ரெண்டு பர்லாங்கில் இருமினான். என் முறை வந்ததும் என் சைக்கிள் தானாக நின்றது. வருஷக்கணக்காக அந்தச் சாலையில் போய்வந்தவர்கள் நாங்கள். அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளும் அதேதான். வாளையாற்று டிரம்முக்கு அந்தப் பக்கம், அவனுடைய ராஜ்யத்தில், சுலைமான் நின்றுகொண்டிருந்தான். கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான். எங்களுக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. திரும்பி, காற்று பின்னாலிருந்து தள்ளியதும் அக்காள் மகன் எங்களை விட்டுப் பறந்துவிட்டான். நாங்கள் திருச்சூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் சுலைமான் எங்களோடு வரவில்லை. சாயங்காலம் எங்களுக்காகக் காத்திராமல் தனியாகப் போய்விடுவான். தூரத்தில் அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போகும், எங்களால் எட்டிப் பிடிக்க முடியாது. லாரிகள் வந்து எங்கள் பிழைப்பை எடுத்துக்கொள்ளும்வரை அதே மூட்டையைத்தான் சுமந்தான். காரியதரிசிக்கு டவுனில் சிலை வைக்காததுதான் பாக்கி.

இன்று மூட்டைச் சைக்கிளும் இல்லை, சுலைமானும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் வாளையாற்றைத் தாண்டி வந்தார்கள், டீ குடித்தார்கள், திரும்ப அந்தப் பக்கம் போனார்கள். வீடு எங்கே என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.